அத்தியாயம் 6: பழத்துக்கும் பருப்புக்கும் நடுவே பத்து நிமிடம்

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு இருபத்தைந்து பேருக்குப் பழ சாலட் செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மே மாதம். காலை ஏழு மணிக்கே மாம்பழம், தர்பூசணி, திராட்சை, மாதுளை எல்லாவற்றையும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் சர்க்கரையும் தூவி, நெய்யில் வறுத்த முந்திரியையும் பாதாமையும் தாராளமாகக் கொட்டிக் கிளறி, எவர்சில்வர் தூக்கில் அடைத்து எடுத்துப் போனேன். பன்னிரண்டரைக்குப் பந்தி. மூடியைத் திறந்தால் பாதித் தூக்குக்குச் சிவப்புத் தண்ணீர். பழம் துவண்டு அடியில் கிடந்தது. முந்திரி ஊறி உப்பி மேலே மிதந்தது. கரண்டியால் ஒரு வாய் எடுத்துப் பார்த்த பெரிய அத்தை, "பாயசம் நல்லாத்தான் இருக்கு, வெல்லம் மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கலாம்" என்றார்.

பழத்தில் குறை இல்லை. பருப்பிலும் குறை இல்லை. இரண்டும் நல்ல சரக்கு. கோளாறு நேரத்தில். வெட்டிய பழம் தண்ணீர் விடும். வறுத்த பருப்பு தண்ணீர் குடிக்கும். இரண்டையும் ஐந்து மணி நேரம் ஒரே பாத்திரத்தில் அடைத்துவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் எல்லாம், கடையில் பழம் பொறுக்குவது முதல் கிண்ணத்தில் பரிமாறுவது வரை, இந்தத் தண்ணீர்க் கணக்கைச் சுற்றியே வரும்.

கணக்கு சுலபம். தர்பூசணியில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். மாம்பழத்தில் 83 பங்கு போல, வாழைப்பழத்தில்கூட 75. முந்திரியிலும் பாதாமிலும் ஐந்து பங்குக்குமேல் போகாது. வறுத்துவிட்டால் அதிலும் குறையும். அந்த வறட்சிதான் பருப்பைக் கடிக்கும்போது 'மொறுக்' என்று சத்தம் போட வைக்கிறது. பாயசத்தில் மிதக்கும் முந்திரியை மறுநாள் எடுத்துக் கடித்துப் பாருங்கள். வறுத்த முந்திரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பழம் எப்போது தண்ணீர் விடுகிறது என்பதை ஊறுகாய் போடும் எந்த வீட்டிலும் கேட்கலாம். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு ஜாடியில் குலுக்கி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் துண்டுகள் சாற்றில் முங்கிக் கிடக்கும். உப்பும் சர்க்கரையும் பழத்தின் செல்களுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். ஊறுகாயில் நமக்கு அது வேண்டும். சாலட்டில் வேண்டாம். ஆகவே உப்பு, சர்க்கரை, தேன், எலுமிச்சை இவை எதுவானாலும் சாப்பிட உட்காருவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் பழத்தைத் தொட வேண்டும். பருப்பு அதற்கும் பிறகு.

பழம் பொறுக்குவது

சமையல் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். கடையில் என்ன நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து குறிப்பை மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கோடையில் இதற்குக் கஷ்டமே இல்லை. மாசி முடியும்போதே தர்பூசணி சாலையோரம் குவிந்துவிடும். சித்திரையில் மாம்பழம், முலாம்பழம், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு. கத்திரி வெயில் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை காயும்போது பலாவும் சேர்ந்துகொள்ளும். ஆப்பிளும் கிவியும் தேடி அலைய வேண்டிய பருவம் இதுவல்ல.

சாலட்டுக்கு மாம்பழம் என்றால் நான் பங்கனப்பள்ளி வாங்குவேன். நார் கிடையாது, சதை கெட்டி, துண்டு போட்டால் துண்டாகவே நிற்கும். செந்தூராவும் பரவாயில்லை. இமாம்பசந்தை இதில் போடுவதை என் மனம் ஒப்புவதில்லை. அது அவ்வளவு குழைவான பழம்; கத்தி பட்டதுமே சாறாகிவிடும், மிளகும் சீரகமும் அதன் மணத்தைக் கெடுக்கும். அதைத் தனியாக, சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். எந்த ரகமானாலும் சாலட்டுக்கு வேண்டியது முழுக்கக் கனிந்த பழம் அல்ல. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக இடம் கொடுக்க வேண்டும், அமுங்கக் கூடாது. காம்பருகே முகர்ந்தால் மணம் வர வேண்டும். மேலே பளீர் மஞ்சள், ஆனால் மணமே இல்லை, அறுத்தால் உள்ளே வெளிறிப் புளிக்கிறது என்றால் அவசரப்பட்டுப் பழுக்க வைத்த பழம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்கின்றன. சந்தேகமாக இருந்தால் காயாகவே வாங்கி வந்து வைக்கோலிலோ அரிசி அண்டாவிலோ புதைத்துவையுங்கள். பழம் தானாக விடும் எத்திலீன் வாயு வெளியே போகாமல் அங்கேயே தங்கி அதைப் பழுக்க வைக்கும். பாட்டிகள் வாயுவின் பெயர் தெரியாமலே செய்த வேலை இது.

தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தட்டுகிறவர்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். என்ன கேட்டது என்று சொல்வதில்லை. நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, தரையில் படுத்துக் கிடந்த பக்கம் வெண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும்; வெள்ளையாக இருந்தால் முற்றாமல் பறித்தது. இரண்டு, ஒரே அளவில் இரண்டு பழத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுப்பது. கடைக்காரர் வெட்டி வைத்த துண்டை வாங்க வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

முலாம்பழம், சென்னையில் கிர்ணிப்பழம் என்பார்கள், காம்பு இருந்த இடத்தில் மூக்கை வைத்தால் தித்திப்பாக மணக்க வேண்டும். வெள்ளரிப்பழம் வேறு, அது பழுத்ததும் தானே வெடித்து மாவாக உதிரும். நாட்டுச் சர்க்கரை தூவி அப்படியே சாப்பிட அருமை, சாலட்டில் கரைந்து காணாமல் போய்விடும். மாதுளையில் உருண்டையாக வழவழவென்று இருப்பதைவிட, கொஞ்சம் பட்டை பட்டையாகப் புடைத்துக் கனமாக இருப்பதை எடுங்கள். உள்ளே முத்துகள் நிறைந்து நெருக்குவதால் வரும் வடிவம் அது. திராட்சையில் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணத்தில் அதை அடிக்க வேறில்லை. ஆனால் விதை உண்டு. ஒவ்வொன்றாகப் பாதியாக வெட்டி விதை நீக்கப் பொறுமை இருந்தால் போடுங்கள். எனக்கு இருந்ததில்லை. விதையில்லாத பச்சைத் திராட்சையோடு சமாதானமாகிவிட்டேன்.

வருக்கைப் பலாச்சுளை இரண்டு கிடைத்தால் மெல்லிய நாராக அரிந்து சேர்க்கலாம். இரண்டு சுளைக்கு மேல் போனால் கிண்ணம் முழுவதும் பலா வாசம்தான்.

பருப்பு: இங்கேதான் அவசரப்படக் கூடாது

பழத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். பருப்பை மட்டும் அலமாரியில் எப்போதோ வாங்கி வைத்த டப்பாவிலிருந்து அள்ளிப் போடுகிறார்கள். பருப்பு எண்ணெய் வித்து. வெயில், காற்று, வெளிச்சம் மூன்றும் அதன் எண்ணெயைக் காறச் செய்யும். கோடையில் திறந்த பாக்கெட் சமையலறை மேல்தட்டில் ஒரு மாதம் இருந்தாலே போதும். வறுக்கும் முன் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நாக்கின் பின்பக்கம் காறலடித்தால், பழைய எண்ணெய் வாடை வந்தால், மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்பது வீண் நம்பிக்கை.

முந்திரி வாங்கும்போது கடையில் 'டபிள்யூ 240', 'டபிள்யூ 320' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. சாலட்டுக்கு அந்தப் பணத்தை வீணாக்க வேண்டாம். எப்படியும் உடைக்கத்தான் போகிறோம். பாதிப் பருப்போ பெருந்துண்டோ வாங்கினால் அதே ருசி, குறைந்த விலை. பண்ருட்டிப் பக்கம் பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை உதிரும் காலம். அந்தப் பருவத்தை ஒட்டி வாங்கும் புதுப் பருப்புக்கு ஒரு பால் வாசம் இருக்கும்.

முந்திரி இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. என்னைக் கேட்டால், பழ சாலட்டுக்கு நிலக்கடலைதான் முதல் பருப்பு. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், சென்னைக்காரர்களுக்கு வேர்க்கடலை. மாம்பழத்தின் இனிப்புக்கும் எலுமிச்சையின் புளிப்புக்கும் நடுவில் முந்திரி மென்மையாக ஒதுங்கிக்கொள்ளும். கடலை ஒதுங்காது, தன் பங்கைக் கேட்டு வாங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எதுவானாலும் பொறுக்கி எறியுங்கள். கடலைப் பூஞ்சணத்தில் வரும் அஃப்ளாடாக்சின் கல்லீரலுக்குக் கேடு. வறுப்பதால் அது முழுதாகப் போய்விடாது.

இனி வறுப்பது. கனமான இரும்புக் கடாய், சிறு தீ. எல்லாப் பருப்பையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பாதாம் வறுபடப் பத்து நிமிடம் பிடிக்கும். கடலைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. முந்திரிக்கு நான்கைந்து போதும். வெள்ளரி விதைக்கும் எள்ளுக்கும் ஒன்றிரண்டு. சேர்த்து வறுத்தால் எள் கருகும்போது பாதாம் பச்சையாக இருக்கும்.

கடலையை வறுக்கத் தள்ளுவண்டிக்காரர் முறைதான் சிறந்தது. சூடான மணல் கடலையை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தழுவுவதால் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் போவதில்லை. வீட்டில் மணலுக்குப் பதில் இரண்டு கைப்பிடி கல்லுப்பைக் கடாயில் போட்டுச் சூடேற்றி, அதில் கடலையைப் போட்டுக் கிளறுங்கள். தோல் வெடித்து, தேய்த்தால் கழன்று வரும் பதத்தில் சல்லடையில் கொட்டி உப்பைப் பிரித்துவிடுங்கள். அந்த உப்பை டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும். கடலை ஆறிய பிறகு உள்ளங்கையில் தேய்த்து முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். முறம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் தட்டில் பரப்பிப் பால்கனியில் நின்று ஊதலாம். கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்திரியை ஒரு தேக்கரண்டி நெய்யில் வறுங்கள். ருசிக்காக மட்டுமல்ல, நெய் மேலே படிந்திருப்பதால் ஈரம் உள்ளே போவது கொஞ்சம் தாமதப்படும். நிறம் நாம் விரும்பும் பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னால் இருக்கும்போதே அடுப்பிலிருந்து இறக்கி, வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கடாயிலேயே விட்டால் உள்சூட்டில் தொடர்ந்து வறுபட்டுக்கொண்டே போகும். புதிதாகச் சமைப்பவர்கள் செய்யும் தவறு இன்னொன்று உண்டு. அடுப்பில் இருக்கும்போது ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, இன்னும் மொறுமொறுப்பு வரவில்லையே என்று மேலும் வறுப்பார்கள். சூடாக இருக்கும்போது எந்தப் பருப்பும் மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். இருபது நிமிடம் தட்டில் பரப்பி ஆற விடுங்கள். முழுக்க ஆறும் முன் டப்பாவில் போட்டு மூடினால் ஆவி உள்ளேயே வியர்த்து, வறுத்த பலன் எல்லாம் போய்விடும்.

பாதாமை இரவு ஊறவைத்துத் தோலுரித்துத் தின்பது நல்ல வழக்கம்தான், காலை ஆகாரத்துக்கு. இந்தச் சாலட்டுக்கு ஊறாத பாதாம் வேண்டும். வறுத்து, ஆறியபின் கத்தியால் நீளவாக்கில் அரிந்துகொள்ளுங்கள். மிக்சியில் ஒரு சுற்று விடலாமா என்று கேட்பார்கள். பாதி மாவாகிவிடும், அந்த மாவு பழச் சாற்றில் கலந்து கூழாகும். உலக்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

நறுக்குவது

பழத்தை நறுக்குவதற்கு முன்பே குளிர வையுங்கள். முழுப் பழமாக இரண்டு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் இருந்தால், நறுக்கும்போது சதை இறுகியிருக்கும், சாறு குறைவாக இறங்கும். நறுக்கிய பிறகு குளிர வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். வாழைப்பழத்தை மட்டும் வைக்காதீர்கள், தோல் கறுத்துவிடும்.

மாம்பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்துத் துடையுங்கள். தோலில் ஒட்டியிருக்கும் பால் சிலருக்கு உதட்டில் கொப்புளம் கிளப்பும். முலாம்பழத்தையும் தர்பூசணியையும், தோலை உண்ணப் போவதில்லை என்றாலும், தேய்த்துக் கழுவிய பிறகே அறுக்க வேண்டும். மண்ணில் கிடந்த பழம். கத்தி தோலைத் தாண்டி உள்ளே போகும்போது தோலின் அழுக்கையும் கூட்டிக்கொண்டு போகும்.

கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி பழத்தை நசுக்கித்தான் வெட்டும். நசுங்கினால் சாறு இறங்கும். துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு வெட்டுப் பரப்பு, அவ்வளவு தண்ணீர். ஆகவே சுண்டுவிரல் நுனி அளவுப் பொடித் துண்டுகள் வேண்டாம். கட்டைவிரலின் முதல் கணு அளவு சரியாக இருக்கும். தர்பூசணி சேர்ப்பதானால் நறுக்கிய துண்டுகளை ஒரு வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து, இறங்கும் சாற்றைக் கீழே தனிப் பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். நுங்கு சேர்ப்பதானால் தோலை உரித்து, உள்நீர் சிந்தியபின் கடைசியில் மேலே வைக்க வேண்டும், கிளறினால் சிதையும்.

வாழை, சப்போட்டா, ஆப்பிள் மூன்றும் வெட்டினால் கறுக்கும். காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள ஒரு நொதி செய்யும் வேலை. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதைத் தடுக்கும். இவற்றை எல்லாவற்றுக்கும் கடைசியில் நறுக்கி உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிடுங்கள்.

அளவும் செய்முறையும்

நான்கு பேருக்கு, மாலை நேரத்துக்கு, என் வீட்டில் வழக்கமாகச் செய்வது இது.

பங்கனப்பள்ளி மாம்பழம் ஒன்று, 400 கிராம் எடையில்
முலாம்பழம் பாதி
விதையில்லாத திராட்சை 100 கிராம்
மாதுளை பாதி
வெள்ளரிப்பிஞ்சு இரண்டு
வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 40 கிராம்
நெய்யில் வறுத்த முந்திரி 30 கிராம்
வெள்ளரி விதை ஒரு மேசைக்கரண்டி
எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி
தேன் ஒரு தேக்கரண்டி
வறுத்து அரைத்த சீரகப் பொடி அரைத் தேக்கரண்டி
மிளகுத் தூள், இந்துப்பு தலா கால் தேக்கரண்டி
இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி
புதினா இலை பத்துப் பன்னிரண்டு

வெள்ளரிப்பிஞ்சு எதற்கு என்று கேட்கலாம். பழங்கள் எல்லாமே மெத்து. பருப்பு எல்லாமே கடினம். இரண்டுக்கும் இடையில் சாறோடு நறுக்கென்று கடிபட ஒன்று வேண்டும். இது புதிய யோசனையும் அல்ல. ராமநவமிக்குப் பானகத்தோடும் நீர்மோரோடும் கொடுக்கும் கோசுமல்லியில் ஊறின பாசிப்பருப்பு, வெள்ளரி, மாங்காய் சேர்ந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

பழங்களையும் வெள்ளரியையும் அகலமான பாத்திரத்தில் போட்டு மூடி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். எவர்சில்வரோ கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். எலுமிச்சை படும் என்பதால் அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது. எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, தேன், மிளகு, சீரகம், இந்துப்பு இவற்றைத் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் கலக்கி வையுங்கள். பருப்புகள் தனி டப்பாவில். இந்த மூன்றும் தனித்தனியே இருக்கும் வரை உங்களுக்கு அவசரமே இல்லை. விருந்தாளி அரை மணி தாமதமாக வந்தாலும் கவலை வேண்டாம்.

விருந்தாளி செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் பழத்தை வெளியே எடுங்கள். கலக்கி வைத்த சாற்றை ஊற்றி, புதினாவைக் கையால் கிள்ளிப் போட்டு, கரண்டியை அடியில் விட்டு மேலே கொண்டுவந்து மூன்று முறை புரட்டுங்கள். நான்காவது முறை வேண்டாம். தனித்தனிக் கிண்ணங்களில் எடுத்து வைத்து, மேஜைக்குக் கொண்டுபோகும்போது மேலே பருப்பைத் தூவுங்கள். பாத்திரத்தில் கலக்கக் கூடாது, கிண்ணத்தில்தான் தூவ வேண்டும். மிச்சப் பருப்பை ஒரு தட்டில் நடுவில் வைத்துவிட்டால் வேண்டியவர் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார்.

சர்க்கரை போடவே வேண்டாம். பழம் தித்திக்காவிட்டால் வாங்கியதில் கோளாறு. சர்க்கரை நோயாளிகள் மாம்பழத்தைக் குறைத்து வெள்ளரி, கொய்யா, கடலையைக் கூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்பதே சரி.

இன்னும் இரண்டு கிண்ணம்

தயிர் சேர்த்துச் செய்வது குழந்தைகளுக்குப் பிடிக்கும். புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, வடிந்த தயிரில் ஏலக்காயும் கொஞ்சம் தேனும் அடித்து, மாம்பழம், மாதுளை, திராட்சையைக் கலந்து மேலே பாதாமைத் தூவுங்கள். இதில் பச்சை அன்னாசியையும் பப்பாளியையும் சேர்த்துவிடாதீர்கள். அன்னாசியில் புரோமலின், பப்பாளியில் பப்பைன் என்ற நொதிகள் உண்டு. அவை பாலின் புரதத்தைச் சிதைப்பதால் சிறிது நேரத்தில் தயிர் நீர்த்துக் கசக்கத் தொடங்கும். கறி மிருதுவாக வேகப் பப்பாளிக் காய் அரைத்துத் தடவுகிறோமே, அதே வேலைதான் இங்கே நடக்கிறது. அன்னாசி போட்டே தீர வேண்டும் என்றால் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடுங்கள்; சூட்டில் நொதி செத்துவிடும்.

இன்னொன்று கடற்கரைப் பாணி. கிளிமூக்கு மாங்காயைக் குச்சி குச்சியாக அரிந்து, வெள்ளரிப்பிஞ்சு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நான்கு, கொத்துமல்லி, மிளகாய்த் தூள், உப்பு சேர்த்துப் புரட்டி, மேலே இரண்டு கைப்பிடி வறுத்த கடலை. கூடவே கொஞ்சம் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். செலவு குறைவு, வேலையும் குறைவு. என் வீட்டில் முதலில் காலியாகிற கிண்ணம் இதுதான் என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

கூட்டத்துக்கும் டப்பாவுக்கும்

இருபத்தைந்து பேருக்கு, சாப்பாட்டோடு ஒரு பதார்த்தமாக வைப்பதென்றால் தலைக்கு 150 கிராம் நறுக்கிய பழம் போதும். மொத்தம் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறையும். தோல், கொட்டை, விதை கழிந்து அந்த அளவு நிற்க ஆறு கிலோ பழம் வாங்க வேண்டும். பருப்பு மொத்தம் 400 கிராம். பருப்பை முந்தின நாளே வறுத்து ஆறவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடலாம். பழத்தை அன்று காலையில் நறுக்கி, பனிக்கட்டி நிரப்பிய தெர்மாகோல் பெட்டிக்குள் மூடிய பாத்திரமாக இறக்குங்கள். அந்தக் காதுகுத்துக்குப் பிறகு நான் போன எல்லா விசேஷத்துக்கும் மூன்று பாத்திரமாகத்தான் எடுத்துப் போகிறேன். அத்தைக்கு வேறு பேச்சு தேட வேண்டியதாயிற்று.

பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ கட்டிக் கொடுப்பதானால் பருப்பைச் சின்ன டப்பாவில் தனியாக வையுங்கள். எலுமிச்சையை வெட்டாமல் முழுதாக வைத்தால் இன்னும் நல்லது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் யார் கத்தி கொடுப்பார்கள்? மூடி இறுக்கமான குட்டிப் புட்டியில் சாற்றை ஊற்றிக் கொடுங்கள்.

நான்கைந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு முழுப் பருப்பும் முழுத் திராட்சையும் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும். பருப்பை நன்றாகப் பொடித்து, திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். கடலையும் முந்திரியும் சிலருக்கு ஒவ்வாது. அந்த ஒவ்வாமை சில நேரம் உயிருக்கே ஆபத்தாக முடியும். வெளியாருக்குப் பரிமாறும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெட்டிய துண்டு வாங்க வேண்டாம் என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான்: தோல் காக்கும் வரைதான் பழத்துக்குள் கிருமி போவதில்லை. வெட்டியபின் அந்தச் சாறும் இனிப்பும் சூடும் கிருமிக்குப் பந்தி விரித்த மாதிரி. வெளியில் வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நறுக்கிய பழம் குளிரில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊர் மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கே அந்த எல்லை தாண்டிவிடும். தள்ளுவண்டியில் கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து காத்திருக்கும் தர்பூசணிக் கீற்று எந்தக் கணக்கிலும் அடங்காது.

சாப்பிட்டு முடித்தபின் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் சாறு நிற்கும். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் நிற்கும். தர்பூசணி வடித்துப் பிடித்த சாற்றையும் அதோடு சேர்த்து, ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கி, அப்போதே ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிடுங்கள். மிஞ்சிய பருப்பை டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். மிஞ்சிய சாலட்டை நாளைக்கு எடுத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கு இன்றே கொடுத்தனுப்புங்கள், பருப்பைத் தனியாக.